அண்டை மனையும் ஊர்ச் சட்டமும்



வீட்டை நாம் விரும்பியபடி கட்டிக்கொள்ளலாம். விரும்பிய நிறத்தில் சுண்ணாம்பு பூசலாம். அண்டை வீட்டை மட்டும் நாம் தேர்ந்தெடுக்க முடிவதில்லை. நம் வாசலை நாள்தோறும் பெருக்கிக் கோலமிடுகிறோம். மதிலுக்கு அப்பால் உள்ள மனையிலோ புதர் மண்டிக் கிடக்கிறது. குப்பை குவிந்து கிடக்கிறது. மழை பெய்தால் நீர் தேங்குகிறது. அதைப் பார்த்துப் பார்த்து மனம் கசக்கிறது. என்ன செய்வது? சுவரேறிக் குதித்து நாமே வெட்டிவிடலாமா? சண்டைக்குப் போகலாமா? கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா? இம்மூன்றும் அல்லாத நான்காவது வழி ஒன்று உண்டு. அதுவே ஊர்ச் சட்டத்தின் வழி. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

இது பெரியவர்கள் பாடு, நமக்கு என்ன என்று நினைத்துவிடாதீர்கள். குடிமையியல் என்று வகுப்பறையில் நாம் படிக்கும் பாடத்துக்குத் தேர்வு நடப்பது தெருமுனையில்தான். அந்தத் தேர்வில் முதல் முறை எழுதித் தவறியவன் நான். முப்பத்தைந்து ஆண்டுகள் பிறருக்குப் பாடம் சொன்ன ஒருவன், ஓய்வு பெற்ற பிறகு தன் தெருவில் கற்றுக்கொண்ட பாடம் இது. ஆதலால் சற்று உரிமையோடு சொல்கிறேன்.

பணி ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குத் திரும்பியபோது, எங்கள் வீட்டுக்கு மேற்கே இருந்த மனை பாழடைந்து கிடந்தது. ஒரு காலத்தில் கலகலப்பாக இருந்த ஓட்டு வீடு அது. பெரியவர் மறைந்தபின் மக்கள் இருவருக்கும் பாகப்பிரிவினை வழக்கு மூண்டது. வீடு பூட்டப்பட்டது. கூரையில் ஒரு பாதி சரிந்தது. முற்றத்தில் சீமைக் கருவேலம் முளைத்து ஆளுயரம் கடந்தது. கொல்லையில் இருந்த கிணற்றின் கைப்பிடிச் சுவர் இடிந்து விழுந்தது. ஆட்டுக்கல், உடைந்த தொட்டிகள், ஓட்டை அண்டா ஆகியவை மழை நீரை ஏந்தி நின்றன. ஆளில்லாத மனை என்று கண்டதும், தெருவாரும் தத்தம் வீட்டுக் குப்பையை அங்கேயே வீசத் தொடங்கினர். அம்மனையைக் குப்பைமேடு ஆக்கியதில் உரிமையாளருக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு எங்களுக்கும் உண்டு. இதனை அப்போது நான் உணரவில்லை.

ஓர் ஐப்பசி மாதத்தில் நான்காம் வீட்டுப் பையன், எட்டாம் வகுப்பு மாணவன், டெங்குக் காய்ச்சலில் விழுந்தான். ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தான். இரத்தத் தட்டணுக்கள் குறைந்துகொண்டே வந்த இரு இரவுகள் எங்கள் தெருவில் ஒருவரும் சரியாக உறங்கவில்லை. பையன் பிழைத்து வீடு திரும்பிய அன்று அவன் தாயார் என்னிடம் வந்து, “ஐயா, ஆயிரம் பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவர்கள் நீங்கள். இந்த ஒரு மனைக்கு வழி பண்ணக் கூடாதா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் குற்றச்சாட்டு இல்லை, நம்பிக்கை இருந்தது. அதுதான் எனக்குச் சுட்டது.

அன்றிரவே நகராட்சிக்கு ஒரு மனு எழுதினேன். நான்கு பக்கம். மனைக்காரர்களின் பொறுப்பின்மையைக் கண்டித்தேன். தூய்மையின் மேன்மையை விளக்கினேன். வருங்காலத் தலைமுறையின் நலனை எடுத்துரைத்தேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது எனக்கே பெருமிதமாக இருந்தது. அனுப்பினேன். இரண்டு மாதம் கழிந்தது, பதில் இல்லை. சினத்தோடு அலுவலகத்துக்குச் சென்றேன். அங்கே பணியாற்றிய ஒருவர் எழுந்து நின்று வணங்கினார். என் பழைய மாணவர். கோப்பிலிருந்து என் மனுவை எடுத்தார். “ஐயா, தாங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. முழுவதும் படித்தோம், மிக நன்றாக இருக்கிறது. ஆனால் எந்த மனை என்று எந்த இடத்திலும் இல்லையே” என்றார்.

வாங்கிப் பார்த்தேன். ‘எங்கள் வீட்டுக்கு மேற்கே உள்ள மனை’ என்று எழுதியிருந்தேன். எங்கள் வீடு எது? கதவு எண் இல்லை. தெருப் பெயர் இல்லை. வார்டு எண் இல்லை. என்ன கேடு, எப்போதிலிருந்து, என்ன நடவடிக்கை வேண்டும் என்ற மூன்றில் ஒன்றும் இல்லை. எத்தனையோ விடைத்தாள்களின் ஓரத்தில் ‘வினாவுக்கு ஏற்ற விடை எழுதுக’ என்று சிவப்பு மையில் எழுதியவன் நான். அந்த வரியை என் மாணவர் எனக்குத் திருப்பித் தந்தார், மிகுந்த மரியாதையோடு.

நிற்க. மனுவை எப்படித் திருத்தி எழுதினேன் என்பதைச் சொல்வதற்கு முன், சட்டம் இத்தகைய மனையை எந்தக் கண்ணோடு பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நலம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அழகின்மை வேறு, கேடு வேறு. அண்டை வீட்டுச் சுவர் காரை பெயர்ந்து கிடக்கலாம். வண்ணம் நம் கண்ணை உறுத்தலாம். அவை நம் இரசனைக்கு மாறானவையே அன்றி நம் உடல்நலத்துக்கு மாறானவை அல்ல. அமெரிக்க நாட்டின் ஊர்கள் பலவற்றில், வீட்டின் முன்னுள்ள புல் இத்தனை அங்குலத்துக்கு மேல் வளரக் கூடாது என்றுகூட ஊராட்சி விதி உண்டு. நம் நாட்டுச் சட்டம் பொதுவாக அவ்வளவு தூரம் செல்வதில்லை. அது கேட்கும் கேள்வி எளியது. இம்மனையால் பிறருக்கு நோய் வருமா? விபத்து நேருமா? தீப்பற்றுமா? தீயோர் பதுங்க இடமாகுமா? வழி அடைபடுமா? இவற்றுள் ஒன்றுக்கு ‘ஆம்’ என்ற விடை கிடைத்தால், அது தனியார் செய்தியாக இருந்த நிலை மாறிப் பொதுச் செய்தி ஆகிவிடுகிறது. சட்டம் அதனைத் ‘தொல்லை’ என்று பெயரிட்டு அழைக்கிறது.

இந்தக் கருத்து இன்று நேற்றுத் தோன்றியது அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் காலரா பரவி மக்கள் மாண்டபோது, ஒருவர் வீட்டுச் சாக்கடை மற்றொருவர் வீட்டுச் சாவாகலாம் என்பதை அந்நாட்டார் உணர்ந்தனர். 1848-ஆம் ஆண்டில் பொதுச் சுகாதாரச் சட்டம் அங்கே பிறந்தது. நம் பகுதியில் சென்னை நகருக்கு 1688-ஆம் ஆண்டிலேயே மாநகராட்சி அமைந்துவிட்டது. பிற ஊர்களுக்கு 1865-ஆம் ஆண்டின் நகர் மேம்பாட்டுச் சட்டமும், 1884-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிச் சட்டமும், அதன்பின் 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் வந்தன. இந்த 1920-ஆம் ஆண்டுச் சட்டம் நூறாண்டுக்கு மேல் நம் நகராட்சிகளை ஆண்டது. அழுக்கடைந்த அல்லது புதர் மண்டிய மனை உடல்நலத்துக்குக் கேடாகவோ, பொதுமக்களுக்கு ஆபத்தாகவோ, சுற்றுப்புறத்தாருக்கு அருவருப்பாகவோ இருந்தால், அதனைத் துப்புரவு செய்யுமாறு உரிமையாளருக்குக் கட்டளையிடும் அதிகாரத்தை அது நகராட்சிக்கு வழங்கியிருந்தது. 2023-ஆம் ஆண்டில் அதன் இடத்துக்குத் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் வந்தது. அச்சட்டம் இயற்றப்பட்டது 1998-ஆம் ஆண்டில். நடைமுறைக்கு முழுமையாக வந்தது கால் நூற்றாண்டு கழித்து. சட்டத்தின் பெயர் மாறிற்று. கேடு விளைக்கும் மனையைத் தூய்மை செய்விக்கும் பொறுப்பு உள்ளாட்சியினுடையது என்ற அடிப்படை மாறவில்லை. சிற்றூர்களுக்கு 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் இருக்கிறது.

இவற்றோடு நம் மாநிலத்துக்கே பெருமை தரும் சட்டம் ஒன்று உண்டு. அது 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம். நலத்துக்குக் கேடான நிலையில் உள்ள மனை, தேங்கிய குட்டை, குப்பைக் குவியல், முறையின்றிக் கட்டிவைக்கப்பட்ட கால்நடை முதலியவற்றை அது தொல்லை என வகுக்கிறது. தொல்லையை நீக்குமாறு சுகாதார அலுவலர் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்கலாம். குறித்த காலத்துக்குள் நீக்காவிட்டால், உள்ளாட்சியே அதனை நீக்கிவிட்டு ஆன செலவை உரியவரிடமிருந்து பெற்றுக்கொள்ளலாம். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவின் சிக்கலை அவிழ்த்தது அதுவே.

இனி எங்கள் தெருவுக்குத் திரும்புவோம். அலுவலகத்திலிருந்து வந்தவன் முதல் வேலையாக மனையின் உரிமையாளர்களைத் தேடினேன். மனு எழுதுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது. மூத்தவர் மாவட்டத் தலைநகரில் இருந்தார், இளையவர் பெங்களூரில். மூத்தவரை நேரில் பார்த்தேன். காபி கொடுத்து உபசரித்தார். மனையின் நிலையைச் சொன்னதும் தலை குனிந்தார். “சார், எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நான் ஆள்விட்டு ஒரு செடியை வெட்டினாலும், மனையை என் அனுபவத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று தம்பி கோர்ட்டில் சொல்லிவிடுவான். வக்கீல் அந்தப் பக்கமே போகாதீர்கள் என்கிறார்” என்றார். இளையவரோடு தொலைபேசியில் பேசினேன். அண்ணனைக் குறித்து அவரும் அதே அச்சத்தை, ஏறக்குறைய அதே சொற்களில் சொன்னார். 

மாணவர்களே, நான் அவ்விருவரையும் சோம்பேறிகள் என்றும் நெஞ்சில் ஈரமில்லாதவர்கள் என்றும் நான்கு பக்கம் எழுதியிருந்தேன். அவர்களோ அஞ்சிக் கிடந்தார்கள். தூய்மை செய்ய இருவருக்கும் விருப்பம் உண்டு. முதலில் கை வைக்க இருவருக்கும் துணிவில்லை. நல்லெண்ணம் இத்தகைய இடத்தில் பயன்படாது. நடுநிலையான மூன்றாம் கை ஒன்று வேண்டும். அண்ணன் கையும் ஆகாமல் தம்பி கையும் ஆகாமல் இருவர் பெயருக்கும் அறிவிப்புக் கொடுத்து, தானே வெட்டி, செலவைக் கணக்கில் எழுதிக்கொள்ளும் கை. அந்தக் கை நகராட்சியினுடையது. சட்டம் அண்டையாருக்குள் பகை மூட்டும் கருவி என்று நாம் அஞ்சுகிறோம். எங்கள் தெருவில், நட்பால் செய்ய இயலாததை யார்க்கும் மனத்தாங்கல் இன்றிச் செய்து முடித்தது சட்டமே. ‘நகராட்சி அறிவிப்புக் கொடுத்தால் எங்களுக்கு மறுப்பில்லை’ என்று இருவருமே எழுத்தில் தந்தார்கள்.

இரண்டாம் மனுவை அரைப் பக்கத்தில் எழுதினேன். வார்டு எண், தெருப் பெயர், மனையின் கதவு எண், நகர அளவை எண் ஆகியவை முதல் வரியில் அமைந்தன. அடுத்து, கண்ணால் கண்ட கேடுகள் மட்டும். சுவரில்லாத கிணறு, அது தெருவிலிருந்து எத்தனை அடி. நீர் தேங்கும் கலங்கள். அவற்றில் கொசுப் புழுக்களைப் பார்த்த தேதிகள். சரிந்த கூரை, அதன் கீழே பிள்ளைகள் பந்து பொறுக்கப் போகும் வழக்கம். அதன்பின் எங்கள் வேண்டுகோள்: புதரை வெட்டுதல், கலங்களை அகற்றுதல், கிணற்றுக்கு மூடி இடுதல். உரிமையாளர்களின் பெயரும் முகவரியும் அவர்கள் கடிதங்களும் இணைப்பு. தெருவார் பதினேழு பேர் கையொப்பம். ‘பொறுப்பற்ற’, ‘கொடிய’ முதலிய அடைமொழிகள் ஒன்றும் இல்லை. கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டேன்.

மனுவில் கையொப்பம் வாங்கச் சென்றபோது நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். தெருக் கோடியில் ஒரு மூதாட்டி தனியே வாழ்கிறார். ஒரு மாடு, மண்சுவர் வீடு, சுவர் நிறைய வறட்டி. புதிதாக மாடி கட்டியிருந்த ஒருவர், “ஐயா, எழுதுவதுதான் எழுதுகிறீர்கள், அந்தக் கிழவி வீட்டையும் சேர்த்து எழுதுங்கள். தெருவுக்கே அசிங்கமாக இருக்கிறது” என்றார். சென்று பார்த்தேன். தொழுவம் நாள்தோறும் கழுவப்பட்டு, சாணம் அன்றன்றே எடுக்கப்பட்டு இருந்தது. தேங்கிய நீர் ஒரு சொட்டுக்கூட இல்லை. அவ்வீட்டில் இருந்தது வறுமை, கேடு இல்லை. நான் சேர்க்க மறுத்தேன். அவர் கையொப்பம் இடாமலே போய்விட்டார். ஊர்ச் சட்டம் கூரிய கத்தி போன்றது. ஏழையின் வீட்டை நம் கண்ணுக்கு ஏற்பச் சீவுவதற்கு அதனை எடுக்கலாகாது. பின்னாளில் அலுவலர்கள் எல்லா வீடுகளையும் பார்த்தபோது, எங்கள் தெருவில் குறை ஏதும் சொல்லப்படாத ஒரே கொல்லை அந்த மூதாட்டியினுடையது.

ஆம், எல்லா வீடுகளையும் பார்த்தார்கள். மனு கொடுத்த பன்னிரண்டாம் நாள் சுகாதார ஆய்வாளர் வந்தார். நான் அவரை நேரே மேற்கு மனைக்கு அழைத்துச் செல்ல முனைந்தேன். அவரோ, “முதலில் சுற்றியுள்ள வீடுகளைப் பார்த்துவிடுகிறேன் ஐயா” என்று சொல்லி, எங்கள் கொல்லைக்குள் நுழைந்தார். பயன்படாத பழைய ஆட்டுக்கல் ஒன்று முருங்கை மரத்தடியில் கிடந்தது. அதன் குழியில் மழை நீர். கைவிளக்கின் ஒளியை அதில் பாய்ச்சினார். புழுக்கள் நெளிந்தன. அவர் ஒன்றும் பேசவில்லை, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எங்கள் தெருவில் எழுத்து மூலமான முதல் அறிவிப்பு வந்தது எனக்குத்தான்.

அதைக் கையில் வாங்கியபோது எனக்கு நாணமாக இருந்தது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நெடுந்தொலைவு பறப்பதில்லை. பெரும்பாலும் தான் பிறந்த இடத்தைச் சுற்றிச் சில நூறு மீட்டருக்குள்ளேயே அதன் வாழ்நாள் முடிகிறது. அது சாக்கடையைத் தேடுவதில்லை; தொட்டி, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், குளிர்பெட்டியின் பின்புறத் தட்டு ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த நீரே அதற்குப் போதும். பகலில் கடிக்கும். வெப்பமான நாட்களில் முட்டையிலிருந்து கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகின்றன. நீர் வற்றினாலும் முட்டைகள் கலத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் பொரிக்கும். ஆதலால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. கலத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இவ்வளவும் அறிந்தபின், நான்காம் வீட்டுப் பையனைக் கடித்த கொசு மேற்கு மனையில் பிறந்ததா, என் ஆட்டுக்கல்லில் பிறந்ததா என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. அதற்கு இன்றுவரை விடை இல்லை. விடை இல்லாததே எனக்குக் கிடைத்த தண்டனை என்று எண்ணுகிறேன்.

மேற்கு மனைக்கான அறிவிப்பு உரிமையாளர் இருவருக்கும் அஞ்சலில் சென்றது; ஒரு படி பூட்டிய கதவில் ஒட்டப்பட்டது. கெடு முடிந்தது. ஒரு காலையில் நகராட்சிப் பணியாளர்கள் வந்தார்கள். நண்பகலுக்குள் புதர் வெட்டுண்டது, கலங்கள் அகன்றன, கிணற்றுக்கு இரும்புச் சட்டமும் வலையும் போடப்பட்டன, கிணற்று நீரில் கொசுப் புழுவை உண்ணும் கம்பூசியா மீன்கள் விடப்பட்டன. செலவு, மனையின் கணக்கில் ஏற்றப்பட்டது. சரிந்த கூரையை உடனே இறக்கினார்கள். வழக்கு மட்டும் அப்படியே நின்றது. அது நீதிமன்றத்தின் பாடு.

அறிவிப்பு, கெடு, விசாரணை என்று சட்டம் ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஒருவர் சொல்லைக் கேட்டு மற்றொருவர் மனைக்குள் அரசு உடனே புகுந்துவிடுமானால், நாளை உங்கள் பகைவர் ஒருவர் சொல்லைக் கேட்டு உங்கள் வீட்டுக்குள்ளும் புகும். மறுதரப்பின் சொல்லையும் கேட்ட பிறகே தீர்ப்பு என்பது இயற்கை நீதியின் முதல் விதி. என் ஆட்டுக்கல்லுக்கும் எனக்கு ஏழு நாள் கெடு தரப்பட்டதன்றோ? அந்த ஏழு நாளின் அருமை எனக்குத் தெரியும்.

உள்ளாட்சி அசையவில்லை என்றால் என்ன செய்வது? படிகள் பல உண்டு. திங்கட்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் குறைதீர்க்கும் நாளில் மனுவின் படியைக் கொடுக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ், என் மனுமீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன என்று கேட்டால், பொதுவாக முப்பது நாட்களுக்குள் விடை தந்தாக வேண்டும். சிற்றூர்களில் கிராம சபை கூடுகிறது. நகரங்களிலும் 2022 முதல் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. அங்கே எழுந்து நின்று பேசலாம். ஆபத்து மிகுதியானால் நிருவாக நடுவரையும் அணுகலாம். விழும் நிலையில் உள்ள கட்டடம் அல்லது மரம், வழியோரத்தில் வேலியின்றி உள்ள கிணறு அல்லது பள்ளம் போன்றவற்றைச் சரிசெய்யுமாறோ, அன்றி நேரில் வந்து காரணம் கூறுமாறோ அவர் கட்டளையிடலாம். இவ்வதிகாரம் நெடுங்காலம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் இருக்கிறது.

அந்த 133-ஆம் பிரிவு ஒருமுறை நாட்டின் கவனத்தையே ஈர்த்தது. மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் என்றொரு நகரம். அங்கே ஒரு வார்டு மக்கள் திறந்த சாக்கடையாலும் நாற்றத்தாலும் நெடுநாள் துன்புற்று, நடுவரிடம் முறையிட்டார்கள். எதிர்த்தரப்பு தனியார் அல்லர், நகராட்சியே. வடிகால் அமைக்கும்படி நடுவர் ஆணையிட்டார். ‘எங்களிடம் பணம் இல்லை’ என்றது நகராட்சி. வழக்கு படிப்படியாக உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1980-ஆம் ஆண்டில் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யரும் நீதியரசர் சின்னப்ப ரெட்டியும் அடங்கிய ஆயம், பணமில்லை என்பது சட்டக் கடமையிலிருந்து தப்புவதற்குக் காரணம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. அண்டை மனைக்காரருக்கு எது விதியோ, அதுவே நகராட்சிக்கும் விதி என்பதனை அந்த எளிய வார்டு மக்கள் நிலைநாட்டினார்கள்.

மாணவர்களே, செய்யத் தகாதவற்றையும் சுருங்கச் சொல்கிறேன். பிறர் மனைக்குள் அனுமதியின்றி நுழையாதீர்கள். நோக்கம் நல்லதானாலும் அத்துமீறல் அத்துமீறலே. கோடையில் காய்ந்த புதருக்குத் தீ வைத்து ‘தூய்மை’ செய்யும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. அது தெருவையே எரிக்கக்கூடும். கைப்பேசியில் படம் எடுத்து உலகமெல்லாம் பரப்பி ஒருவரை இழிவுபடுத்தாதீர்கள். அப்படத்தை மனுவோடு இணைத்து உரிய அலுவலரிடம் சேருங்கள். வசை பத்துப் பக்கம் எழுதுவதைக் காட்டிலும், தேதியும் எண்ணும் கூடிய பத்து வரி வலிமை உடையது. எல்லாவற்றுக்கும் மேலாக, மனு எழுத உட்காருமுன் கைவிளக்கோடு ஒருமுறை உங்கள் கொல்லையைச் சுற்றி வாருங்கள்.

மேற்கு மனை வழக்கு இன்னும் முடியவில்லை. மழைக்குப்பின் புதர் மறுபடியும் தலைகாட்டுகிறது. நாங்களும் மறுபடியும் அரைப் பக்கம் எழுதுகிறோம். ஆனால் குப்பை வீசுவது நின்றுவிட்டது. நான்காம் வீட்டுப் பையன் இப்போது பத்தாம் வகுப்பில் படிக்கிறான். ஞாயிறு தோறும் காலையில் நாலைந்து தோழர்களோடு வீடு வீடாக வந்து, தேங்கிய நீர் உண்டா என்று கேட்டுப் பார்த்துச் செல்கிறான். என் வீட்டுக்கு வந்தால் மட்டும் கேட்பதில்லை. நேரே முருங்கை மரத்தடிக்குப் போகிறான். ஆட்டுக்கல் அங்கேதான் இருக்கிறது, கவிழ்த்து வைக்கப்பட்டு. அதைப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே, “சரியாக இருக்கிறது ஐயா” என்று சொல்லிப் போகிறான். வாழ்நாளெல்லாம் மதிப்பெண் போட்ட எனக்கு, அந்த மதிப்பெண் மிகவும் பிடித்திருக்கிறது.